பஸ்ஸுக்குத் தனித் தடம் வீணா? அகமதாபாதில் தினமும் ஏறுபவரின் குறிப்புகள்

கேள்வி, 2023 ஜூன் 3 (சென்னை வாசகர் ஒருவர்)

மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் பஸ்ஸுக்கு நடுரோட்டில் தனித் தடம் போடுவது வீண் வேலை என்பது என் கருத்து. டில்லியில் போட்டார்கள், பிறகு இடித்தார்கள். இருக்கிற ரோட்டில் பெரும்பங்கைப் பிடுங்கி, முக்கால்வாசி நேரம் காலியாகப் போட்டு வைப்பதில் யாருக்கு லாபம்? அகமதாபாதில் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். அங்கே தினமும் ஏறுபவர் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஜூன் 4, காலை

நான் தினமும் ஏறுகிறேன். வீடு மணிநகரில், வேலை சிவரஞ்சனிக்குப் பக்கத்தில். கிழக்கே இருந்து சபர்மதியைத் தாண்டி மேற்கே போய்த் திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு இங்கே வைத்த பெயர் ஜன்மார்க், மக்கள் வழி. ரிக்ஷாக்காரர்களுக்கும் எங்களுக்கும் அது பிஆர்டிஎஸ், ‘பஸ் ரேபிட் டிரான்சிட் சிஸ்டம்’ என்பதன் சுருக்கம். 2009 அக்டோபரில் ஆர்.டி.ஓ. சந்திப்பிலிருந்து பிரானா வரை முதல் பன்னிரண்டரை கிலோமீட்டரைத் திறந்தார்கள். அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். தடம் மணிநகருக்கு வந்த பிறகு ஸ்கூட்டரை எடுப்பது குறைந்துபோனது.

வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த நேரத்தில் ஏறினாலும் முப்பத்தைந்து நிமிடத்தில் சிவரஞ்சனி. மாலை ஏழு மணிக்கு அஞ்சலி சார் ரஸ்தா (நாற்சந்தி) பக்கம் வந்து பாருங்கள். கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் பஸ் நிற்காமல் போகும்.

ஜூன் 4, இரவு

காலையில் அவசரத்தில் எழுதினேன், ‘காலியாகக் கிடக்கிறது’ என்ற உங்கள் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை.

இந்தப் பேச்சை இங்கேயும் கேட்டிருக்கிறேன். கார் வைத்திருக்கும் என் சித்தப்பாவே சொல்வார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வெறும் ரோடு தெரிந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பஸ் வந்த வேகத்தில் போய்விடுவதால்தான் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. நெரிசலில் மாட்டிய ரோடு எப்போதும் நிறைந்திருக்கும், ஆனால் அதில் யாரும் போய்ச் சேர்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு எழுநூறு எண்ணூறு கார் கடக்கும் என்று வையுங்கள். காருக்கு ஒன்றரைப் பேர். ஆயிரத்து இருநூறு பேர் வரை வருகிறது. அதே அகலத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு அறுபது பேர் என்றால் 1,800 பேர். நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 3,600. காருக்கு இந்த எண்ணை எட்ட மூன்று தடம் வேண்டும்.

ஜூன் 5

மேலே எழுதிய கணக்கில் பாதியைத்தான் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மணிக்குப் பன்னிரண்டு பஸ், 720 பேர். கார்த் தடமே ஜெயித்துவிடும். நம் ஊர்களில் காரைவிட ஸ்கூட்டர் அதிகம். ஒரு கார் நிற்கும் இடத்தில் மூன்று ஸ்கூட்டர் நுழையும் என்பதால் அந்தத் தடம் இன்னும் பலமாகிவிடும்.

ஆக, கான்கிரீட் போட்டுக் கம்பி வேலி நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தடம் போட்ட பிறகு அதில் விடுவதற்குப் பஸ் வேண்டும். அது இல்லாமல் தடத்தை மட்டும் காவல் காத்தால் உங்கள் புகார் நியாயமாகிவிடும். இதை நான் பஸ்ஸின் பக்கம் நின்றுகொண்டேதான் சொல்கிறேன். ஸ்டேஷனில் பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்கும்போது எனக்கும் அந்த வெறும் தடம் கண்ணில் குத்துகிறது.

ஜூன் 6

நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் முதலில் பிடித்துப்போனது வேறொன்று.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாதாரண பஸ்ஸில் முதல் படி முழங்கால் உயரம், அதற்கு மேல் இன்னும் இரண்டு. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுத்து ஏற்ற வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், டிரைவர் கிளட்சை விட்டுக்கொண்டிருப்பார். அறுபது வயதுக்குப் பிறகு அம்மா பஸ்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கோயில், ஆஸ்பத்திரி, பெரியம்மா வீடு, எல்லாவற்றுக்கும் ரிக்ஷாதான். அதற்கும் நான் வீட்டில் இருந்தால்தான் கிளம்புவார்.

ஜன்மார்க் ஸ்டேஷனின் நடைமேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்குள் போகச் சரிவுப் பாதை. பஸ் வந்து நின்றதும் ஸ்டேஷன் கதவும் பஸ் கதவும் திறக்கும், கூடத்திலிருந்து அறைக்குப் போவது மாதிரி நடந்து போகலாம். டிக்கெட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிவிடுவதால் உள்ளே கண்டக்டரும் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. முதல் தடவை அம்மா உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, ‘எப்ப ஏறினேன்?’ என்று கேட்டார்.

இப்போது தனியாகவே காங்கரியா வரை போய் வருகிறார். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து நாற்பத்தைந்து வருடமாகிறது, குஜராத்தி சரளமாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். ‘ம’வும் ‘ண’வும் மணிநகரில் கற்றது, ‘க’ காங்கரியாவில்.

அதனால் இதன் நன்மை என்ன என்று என்னைக் கேட்டால், நான் முதலில் சொல்வது அந்த 90 சென்டிமீட்டரைத்தான். தனித் தடத்தைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

ஜூன் 7

டில்லிக்கு வருகிறேன். 2010 கோடையில் தங்கை கல்யாண வேலையாகப் பத்து நாள் அங்கே இருந்தேன். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர், 2008 ஏப்ரலில் திறந்தது. பெயர் ஒன்றுதான், இங்கே இருப்பதற்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

அங்கே எந்த பஸ் வேண்டுமானாலும் தடத்துக்குள் வரலாம். நல்ல பஸ், ஓட்டை பஸ், அரசு பஸ், தனியார் பஸ் எல்லாம் ஒரே வரிசை. முன்னால் ஒன்று நின்றுபோனால் பின்னால் அத்தனையும் நிற்கும். ஸ்டேஷன் என்று மூடிய கூடம் கிடையாது, நிழற்குடைதான். டிக்கெட் பஸ்ஸுக்குள். சிராக் டில்லி சந்திப்பில் சிக்னல் மாறக் காத்திருந்த நேரத்தில் கார்க்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுத்தடத்துக்குத் தனி பச்சை, வலது பக்கம் திரும்புபவர்களுக்குத் தனி பச்சை என்று கொடுத்துக்கொண்டே போனால் ஒரு சுற்று முடிய அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

இங்கே அப்படி இல்லை. தடத்துக்குள் வருவது இதற்கென்றே செய்த பஸ்கள். நடுத்திட்டில் ஸ்டேஷன் இருப்பதால் கதவு வலது பக்கம். டில்லியில் ஆறு கிலோமீட்டர் போட்டதும் ஊர் முழுக்கச் சண்டை கிளம்பி மீதி நின்றுபோனது. ஆறு கிலோமீட்டர் தடத்தை வைத்துக்கொண்டு யாருடைய நாளும் மாறாது. அகமதாபாதில் பன்னிரண்டில் தொடங்கித் தொண்ணூறு கிலோமீட்டர் அளவுக்கு நீட்டினார்கள். திறப்பதற்கு முன் சில மாதம் இலவசமாக ஓட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு வந்து ஏறிப் பார்த்துக் குறை சொன்னார்கள், சிலவற்றைத் திருத்தினார்கள்.

டில்லித் தடத்தை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. வழக்கில் பிழைத்த தடத்தை எடுத்துவிடுவது என்று 2015இல் அரசு முடிவுசெய்து, 2016இல் உடைத்தார்கள். இதைக் காட்டி இந்த முறையே தோல்வி என்று சொல்வது, அரைவேக்காட்டு இட்லியைத் தின்றுவிட்டு இட்லியே ஆகாது என்பது போல.

ஜூன் 11, ஞாயிறு

முதல் குறிப்பில் ‘எந்த நேரத்தில் ஏறினாலும் முப்பத்தைந்து நிமிடம்’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் திங்கள் முதல் சனி வரை காலையில் ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததிலிருந்து சிவரஞ்சனியில் வெளியே வரும் வரை குறித்து வைத்தேன். 38, 41, 36, 52, 39, 34. சராசரி நாற்பது. முப்பத்தைந்து என்று நான் சொன்னது தப்பு.

என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஸ்கூட்டரில் வருகிறார். அவரையும் குறிக்கச் சொன்னேன். 27, 31, 45, 29, 48, 26. சராசரி முப்பத்து நான்கு. ஸ்கூட்டர்தான் வேகம், சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாழக்கிழமையை விட்டால் என் நேரம் 34க்கும் 41க்கும் நடுவிலேயே நிற்கிறது. அவருடையது 26இலிருந்து 48 வரை ஆடுகிறது. ஒன்பதரை மணிக் கையெழுத்துக்கு அவர் 48ஐ மனதில் வைத்துக் கிளம்ப வேண்டும், நான் 41ஐ வைத்துக் கிளம்பினால் போதும். அவருக்குப் பெட்ரோல் லிட்டர் 96 ரூபாய், போக வர ஐம்பது ரூபாய் எரிகிறது. அப்புறம் ஜூன் மாத வெயில். நான் போகும்போது பஸ்ஸில் இரண்டு பக்கமாவது படித்துவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை 52க்கு வருகிறேன். தனித் தடம் மணிநகரிலிருந்து சிவரஞ்சனி வரை ஒரே கோடாகப் போகவில்லை. பாலங்களும் மேம்பாலங்களும் வரும் இடங்களில் அறுந்துவிடுகிறது, பஸ் பொதுச் சாலையில் எல்லோரோடும் கலக்கிறது. அப்படி ஓர் இடத்தில் அன்று ஒரு லாரி நின்றுபோயிருந்தது. எண்ணூறு மீட்டர் இருக்கும். மீதிப் பத்துப் பதினோரு கிலோமீட்டரில் சேர்த்து வைத்த நேரத்தை அந்த எண்ணூறு மீட்டர் தின்றுவிட்டது.

பாலம்தான் நெரிசல் கூடும் இடம், பஸ்ஸுக்கு வழி விட வேண்டிய இடமும் அதுவே. அகலமான ரோட்டில் தடம் போடுவது சுலபம், அங்கே தடம் இல்லாவிட்டாலும் பஸ் எப்படியோ போய்விடும். குறுகலான இடத்தில் காரிடமிருந்து எடுத்து பஸ்ஸுக்குக் கொடுக்கும் துணிச்சல் இருந்தால்தான் இது முழுமையாகும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் உள்ள மிகப் பெரிய குறை இதுதான்.

ஜூன் 12

சேர்க்க மறந்தது: என் நாற்பது நிமிடத்தில் சராசரியாக ஏழு நிமிடம் ஸ்டேஷனில் நின்ற நேரம். பஸ்ஸை இரட்டிப்பாக்கினால் அது பாதியாகும், ஸ்கூட்டருக்குக் கிட்டத்தில் வந்துவிடும். ஜூன் 5ஆம் தேதி எழுதியதை இது உறுதிப்படுத்துகிறது.

ஜூன் 14

‘நடு ரோட்டில் ஸ்டேஷன் வைத்தால் வயதானவர்கள் எப்படிக் கடப்பார்கள்? உங்கள் அம்மா கதையில் அது வரவில்லையே’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

கடப்பது கஷ்டம். பஸ்ஸுக்குள் ஏறுவதில் படி இல்லாமல் செய்தவர்கள், பஸ்ஸை அடைவதை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. நடைபாதையிலிருந்து ஸ்டேஷன் வரை இரண்டு மூன்று தடம் வண்டிகளைத் தாண்ட வேண்டும். வரிக்குதிரைக் கோடு இருக்கிறது, சில இடங்களில் சிக்னலும் இருக்கிறது. ஸ்கூட்டர்கள் நிற்பதில்லை. போன மார்ச்சில் அம்மாவும் நானும் கைகோத்துக் கடந்துகொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் அம்மா தோளில் மாட்டியிருந்த பையை உரசி இழுத்துக்கொண்டு போனது. விழவில்லை. பை கிழிந்து வெற்றிலைப் பாக்கும் மாத்திரையும் ரோடெல்லாம் சிதறின. காய்கறி விற்கும் ஒரு பெண் ஓடி வந்து எங்களை ஸ்டேஷனுக்குள் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா தனியாகப் போகவில்லை.

இதற்கு நடைமேம்பாலம் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் அப்படித்தான் நிறைய இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லாரி அடியில் போகும் உயரத்துக்குப் பாலம் வைத்தால் நாற்பது படியாவது ஏறி நாற்பது படி இறங்க வேண்டும். பஸ்ஸில் மூன்று படியை எடுத்துவிட்டு ரோட்டில் எண்பது படியைக் கொடுத்தால் அம்மாவுக்கு என்ன மிச்சம்? லிஃப்ட் போடலாம், அது பழுதானால் யார் வந்து பார்ப்பது?

செய்ய வேண்டியது சாலையைத் தூக்குவது. கடக்கும் இடத்தில் தார் ரோட்டை நடைபாதை மட்டத்துக்கு அகலமாக உயர்த்திவிட்டால், வண்டி தானாக வேகம் குறையும், நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. சிக்னலில் நடப்பவருக்கு இருபது இருபத்தைந்து விநாடி முழுதாக. இதில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். ஸ்டேஷனுக்கு ஆகும் செலவில் ஒரு துளி.

தடத்துக்குள்ளேயே நடந்து குறுக்கு வழியில் போகிறவர்கள், தடத்துக்குள் ஸ்கூட்டரை விடுகிறவர்கள் இன்னொரு ஆபத்து. தடத்தின் வாயில் ஆள் நிற்கிறார், கதவுத் தடுப்பும் இருக்கிறது. ஆனாலும் பஸ் நுழையும்போது வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஸ்கூட்டர் உள்ளே வந்துவிடும். சத்தமில்லாமல் வேகமாக வரும் பஸ்ஸின் எதிரில் அவர்கள் போவதைப் பார்க்கும்போது எனக்குக் கை நடுங்கும். இந்தத் தடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. நன்மைகளை அடுக்கும்போது அதை மறைத்துப் பேசக்கூடாது.

ஜூன் 19

நாளை ரத யாத்திரை. ஜகந்நாதர் தேர் ஜமால்பூரிலிருந்து கிளம்பிப் பழைய ஊரைச் சுற்றிவரும். அந்தப் பக்கம் பஸ் எல்லாம் நிறுத்தம் அல்லது மாற்று வழி. ஆபீசில் பாதிப் பேர் லீவு.

பழைய ஊர் என்றதும் ஒன்று. ஜன்மார்க்கைத் திட்டமிட்டது இங்குள்ள செப்ட் பல்கலைக்கழகம். அவர்கள் எடுத்துக்கொண்ட வழி, நெரிசலான இடங்களை இணைப்பது, ஆனால் நெரிசலான சாலைகளைத் தவிர்ப்பது. அதனால் 132 அடி ரிங் ரோடு போன்ற அகலமான சாலைகளில் முதலில் போட்டார்கள். நாற்பது மீட்டர் அகலத்தில் பஸ்ஸுக்கு ஏழு மீட்டரும் ஸ்டேஷனுக்கு இடமும் எடுத்த பிறகும் மற்றவர்களுக்கு இருக்கும். எதிர்ப்பு குறைவாக இருந்ததற்கு அது ஒரு காரணம். நான் இதை ரொம்ப நாள் புத்திசாலித்தனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பழைய ஊருக்குப் போகும் ஜனம்தான் பஸ்ஸையே நம்பியிருக்கும் ஜனம். மாணிக் சௌக்கில் கூலி வேலை, ரிலீஃப் ரோடில் கடை வேலை, லால் தர்வாஜாவில் வந்து மாறிப் போகிறவர்கள். அவர்களுக்கு இன்றும் ஏ.எம்.டி.எஸ்.தான், 1947இலிருந்து ஓடும் மாநகராட்சி பஸ். ஆஸ்டோடியா வழியாகக் காலுப்பூர் ரயில் நிலையம் வரை பிற்பாடு தடத்தைக் கொண்டுபோனார்கள். ஆனால் அகலமான மேற்கு அகமதாபாதுக்குக் கிடைத்த அழகு அங்கே இல்லை.

அப்பா மில் தொழிலாளி. இந்த ஊரில் மணிநகரிலும் கோக்ராவிலும் இவ்வளவு தமிழர் இருப்பதற்கு மில்கள்தான் காரணம். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் நடந்தே வருவார். ‘சங்கு ஊதும் நேரம் மில்காரனுக்குத் தெரியும், பஸ் வரும் நேரம் கடவுளுக்குத்தான் தெரியும்’ என்பார். எண்பதுகளில் மில்கள் வரிசையாக மூடின, அப்பா தொண்ணூறுகளில் போய்விட்டார். ஸ்டேஷனில் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று சிவப்பு எழுத்தில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவுதான். அதைப் பார்த்திருந்தால் இரண்டு நாள் தெருவெல்லாம் அதையே பேசியிருப்பார்.

ஜூன் 23

‘உலகத்தில் வேறு எங்காவது உருப்படியாக ஓடுகிறதா?’ என்று கேட்டதற்கு.

தொடங்கி வைத்தது பிரேசிலின் குரிச்சிபா, 1974இல். ஜெய்மே லெர்னர் மேயராக இருந்தபோது. கட்டடக் கலைஞர் அவர். மெட்ரோவுக்குப் பணம் இல்லாத ஊர் பஸ்ஸையே மெட்ரோ மாதிரி ஓட்டலாமே என்று இறங்கியது. குழாய் வடிவ ஸ்டேஷன்கள் 1991இல் வந்தன. நாம் இங்கே காணும் ஒரே மட்ட நடைமேடையும் முன்கூட்டியே டிக்கெட்டும் அங்கிருந்து வந்தவையே.

பொகோட்டா 2000 டிசம்பரில். அங்கேதான் இந்த முறையால் எவ்வளவு பேரைக் கொண்டுபோக முடியும் என்று உலகம் பார்த்தது. நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல். பல மெட்ரோக்கள் அந்த எண்ணைத் தொட்டதில்லை. எப்படி என்றால், ஸ்டேஷன் வரும் இடத்தில் ஒரு திசைக்கு இரண்டு தடம். ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றும்போது எக்ஸ்பிரஸ் பஸ் அதைத் தாண்டிப் போகும். எங்கள் ஊரில் ஒரு திசைக்கு ஒரே தடம், முன்னால் நிற்பவர் போனால்தான் பின்னால் இருப்பவருக்கு வழி. நம் நாட்டில் ஹூப்ளி–தார்வாடில் 22 கிலோமீட்டருக்கு இந்தத் தாண்டும் தடத்தோடு கட்டினார்கள், 2018இல் ஓடத் தொடங்கியது. இங்கே போடும்போதே அந்த மூன்றரை மீட்டரை ஸ்டேஷன் இடங்களில் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பொகோட்டாவிலும் கூட்டம் தாங்காமல் ஜனங்கள் கோபப்பட்டதுண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

இஸ்தான்புல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே ரோட்டில் வலது பக்கம் ஓட்டுவார்கள், பஸ் கதவும் வலது பக்கம். நெடுஞ்சாலை நடுவில் ஸ்டேஷன். கதவை மாற்றி வேறு பஸ் வாங்குவதற்குப் பதிலாக, அந்தத் தனித் தடத்துக்குள் மட்டும் பஸ்களை இடது பக்கம் ஓட விட்டுவிட்டார்கள். மற்ற வண்டிகள் போகும் திசைக்கு எதிர்த் திசையில் பஸ் போகும், கதவு ஸ்டேஷன் பக்கம் வந்துவிடும். 2007இல் தொடங்கியது, போஸ்பரஸ் நீரிணைப் பாலத்தைக் கடந்து ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகிறது.

வலது பக்கக் கதவுள்ள எங்கள் பஸ்ஸுக்கு ஒரு சங்கடம் உண்டு. தடத்தை விட்டு வெளியே போனால் ஓரத்தில் நிறுத்தி ஆள் ஏற்ற முடியாது. கட்டும்போதே கதவைப் பற்றி எடுக்கும் ஒரு முடிவு, முப்பது வருடம் அந்த பஸ் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்பதைக் கட்டிப்போட்டுவிடும். உங்கள் ஊரில் போட்டால் இதை முதலில் யோசிக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 1

இன்று மாலை. டானிலிம்டா தாண்டி நெரிசல். மழை பெய்து பள்ளமெல்லாம் தண்ணீர். பஸ் ஸ்டேஷனில் நின்றபோது பின்னால் சைரன். டிரைவர் கதவை மூடி உடனே கிளப்பி, அடுத்த திறப்பில் பஸ்ஸைப் பொதுச் சாலைப் பக்கம் ஒதுக்கினார். ஆம்புலன்ஸ் தனித் தடத்திலேயே போனது, சிக்னல் வரை ஒரே ஓட்டம். பொதுத் தடத்தில் அது அரை மணி நேரம் நின்றிருக்கும்.

பஸ்ஸில் எல்லோரும் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைகூப்பினார்.

ஜூலை 2

நேற்றைய குறிப்புக்கு ‘தாண்டும் தடம் இல்லை என்று குறை சொன்னீர்களே, ஆம்புலன்ஸ் மட்டும் எப்படிப் போனது’ என்று கேட்டிருக்கிறீர்கள். திறப்பு பக்கத்தில் இருந்ததால் போனது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வேலிக்குள் இருந்திருந்தால் பஸ்ஸுக்குப் பின்னால்தான் ஊர்ந்திருக்கும். உங்கள் சந்தேகம் நியாயம்.

ஜூலை 8

மெட்ரோ பற்றி கடைசியாகத்தான் எழுத முடிந்தது. இங்கே 2019 மார்ச்சில் வஸ்திராலிலிருந்து ஏப்பரல் பார்க் வரை ஆறரை கிலோமீட்டர் வந்தது. 2022 அக்டோபரில் தல்தேஜ் வரையும், தெற்கு வடக்காக மோட்டேரா வரையும் ஓடத் தொடங்கியது. நானும் ஏறுகிறேன், நன்றாக இருக்கிறது. குளிர்ச்சி, வேகம், பழைய ஊருக்கு அடியில் நுழைந்து காலுப்பூரைத் தொடுகிறது. பஸ் தடத்தால் முடியாத அந்த இடத்தில் மெட்ரோ போனது எனக்குச் சந்தோஷம்.

ஆனால் மணிநகர் ரயில் நிலையத்துக்கு எதிரே மெட்ரோ இல்லை. எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது காங்கரியா ஈஸ்ட். மெட்ரோ ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் பஸ் தடம் பத்து கிலோமீட்டருக்கு மேல் போடலாம். எல்லாத் தெருவுக்கும் மெட்ரோ போகாது. மெட்ரோ போகாத திசையில் இருப்பவர்கள் மெட்ரோவுக்குக் காத்திருந்து முப்பது வருடத்தைக் கழிக்க வேண்டுமா? இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்து நீங்கள் கேட்ட கேள்வியே எனக்கு ஒப்பவில்லை. மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கியவர் அடுத்த பத்து கிலோமீட்டரை எதில் போவார்?

உங்கள் சென்னையில் பஸ்ஸில் ஏறும் கூட்டம் எங்கள் ஊரைவிடப் பல மடங்கு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் வேலைக்குப் போகும் பெண்கள் எவ்வளவு பேர் ஏறினார்கள் என்று என் அத்தை மகள் போனில் சொல்வாள். அம்பத்தூரிலிருந்து கிளம்புகிறாள். ஏறக் காசு வேண்டாம், ஆனால் பாடி பாலத்தில் முக்கால் மணி நேரம் நிற்கிறேன் என்கிறாள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடம் விட்டால் ‘காலியாகக் கிடக்கிறது’ என்று ஒருவரும் சொல்ல முடியாது. பாலத்தின் மேலும் விட வேண்டும், அங்கே அறுத்துவிடக் கூடாது.

ஜூலை 9

ஆகஸ்டில் இங்கே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மணிநகரில் காலை ஒன்பதுக்குள் ஏறுங்கள், அதற்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. கடக்கும்போது வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள், ஸ்கூட்டர் எதிர்த் திசையிலும் வரும். அம்மாவிடம் சொன்னேன். சென்னையிலிருந்து வருகிறவருக்கு ஸ்டேஷன் பெயரைத் தானே படித்துக் காட்டுகிறேன் என்கிறார். இந்த வாரத்து எண்கள்: 39, 44, 37, 40, 58, 36. ஐம்பத்தெட்டு வந்ததும் அதே எண்ணூறு மீட்டரில்தான்.